யானை வழியில் ஒரு சத்துணவுக் கூடம்

"ஊருக்குள் யானை புகுந்தது" என்று எங்கள் பக்கத்துச் செய்தி வரும்போதெல்லாம் என் மனம் ஒப்புவதில்லை. வால்பாறையிலிருந்து சோலையாறு அணையைத் தாண்டி மளுக்கப்பாறைக்குப் போகும் சாலையில், கேரள எல்லைக்குச் சற்று முன்னால் இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். அம்மா கொழுந்து பறித்தார். அப்பாவுக்குக் கவாத்து, மருந்தடிப்பு. நான் தோட்டத்துப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராகச் சேர்ந்து, இப்போது ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்டேன். இத்தனை காலம் பார்த்ததில் ஒன்று உறுதியாகத் தெரியும்: யானை எங்கள் ஊருக்குள் வரவில்லை, எங்கள் ஊரைத்தான் யானை நடக்கும் வழியில் கொண்டுபோய் வைத்தார்கள். வைத்தவர்கள் கப்பலேறிப் போய்ப் பல காலம் ஆகிறது. அவர்கள் போட்ட கோடுகளுக்குள்தான் நாங்களும் யானைகளும் இன்னும் இருட்டில் எதிரெதிரே நடந்துகொண்டிருக்கிறோம்.

ஆனைமலையில் வெள்ளையர் முதலில் தேடி வந்தது தேக்கு. 1840களின் கடைசியில், பம்பாய்க் கப்பல் தளத்துக்குத் தேக்கு அனுப்பும் வேலையை ஜேம்ஸ் மைக்கேல் என்ற ராணுவ அதிகாரி இங்கே நடத்தினார். யானையின் மீதும் அவர்கள் பார்வை அப்படித்தான் இருந்தது. காட்டு யானையைக் கொன்றால் வெகுமதி கொடுத்த அதே அரசு, மரம் இழுக்க யானை வேண்டும் என்றானதும் 1873இல் சென்னை மாகாணத்தில் காட்டு யானைப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. தேனும் கிழங்கும் எடுத்து இந்தக் காட்டிலேயே வாழ்ந்த காடர், மலசர், முதுவர் எல்லோரும் அதன் பிறகு தங்கள் காட்டுக்குள் அனுமதி கேட்டு நுழைய வேண்டியவர்கள் ஆனார்கள். 1890களில் தோட்டக்காரர்கள் வந்தார்கள். காப்பி, அப்புறம் தேயிலை. இன்று வால்பாறைப் பீடபூமி என்று சொல்லும் சுமார் 220 சதுர கிலோமீட்டரும் ஆனைமலை, பரம்பிக்குளம், வாழச்சால் காடுகளுக்கு நடுவில் இருக்கிறது. யானைக்கு ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போக இதைத் தாண்டாமல் வழியில்லை.

அந்த மரங்களை வெட்டியவர்கள், தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணிகள் சமவெளியிலிருந்து கூட்டி வந்த எங்கள் முன்னோர்கள்தான். இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. எங்கள் கொள்ளுப்பாட்டி வழியில் மலேரியாக் காய்ச்சலில் போனவர்களின் பெயர்கூடக் குடும்பத்தில் மிஞ்சவில்லை. காட்டை அழித்த லாபத்தில் அவர்களுக்குப் பங்கும் கிடையாது.

தோட்டத்தின் அமைப்பைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். துரை பங்களா மேட்டில், நான்கு பக்கமும் பார்வை படும் இடத்தில் இருக்கும். தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகள் பள்ளத்தில், ஓடைக்குப் பக்கத்தில் இருக்கும். தண்ணீர் சுமக்கும் நேரம் மிச்சம், காலை மஸ்டருக்கு, அதாவது வருகைக் கணக்குக்கு, ஆள் சீக்கிரம் வரும் என்பதுதான் அதற்கு அன்றைக்குக் கணக்கு. ரேஷன் கடை, பிள்ளைக் காப்பகம், மருந்தகம் எல்லாம் லைனை ஒட்டியே. தேயிலைக்கு லாயக்கில்லாத பாறைச் சரிவிலும் சேற்றுப் பள்ளத்திலும் ஆற்றோரத்திலும் மட்டும் சோலைக்காடு தப்பியது. யானைக்குப் பகலில் மறைந்து நிற்க அந்தத் துண்டுகள்தான் மிச்சம். நடுமலை ஆறு, சோலையாறு இவற்றின் கரையோரத்து மரங்களை ஒட்டித்தான் கூட்டங்கள் நகர்கின்றன. அந்தி சாய்ந்ததும் தேயிலைக்குள் இறங்குகின்றன. பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்கள் லைனுக்கு நடக்கும் நேரமும் அதுதான். எங்கள் மலையில் யானையால் நேர்ந்த மரணங்களில் பெரும்பாலானவை, பக்கத்தில் யானை நிற்பதே தெரியாமல் நடந்து போனவர்களுடையவை. யாரும் யானையிடம் சண்டைக்குப் போய்ச் சாகவில்லை.

எங்கள் சத்துணவுக் கூடத்தின் அரிசி அறைச் சுவர் ஓடையைப் பார்த்திருந்தது. மழைக்காலம் முடிந்து பனி விழத் தொடங்கும் மாதங்களில் அந்தச் சுவர் வருடம் தவறாமல் விழும். யானை சுவரை உடைக்கும் விதம் பார்த்தவர்களுக்கு மறக்காது. ஓடி வந்து மோதுவதில்லை. நெற்றியை வைத்து ஒரு முறை அழுத்தும், விலகும், திரும்பவும் அழுத்தும். கல் கட்டு பூச்சோடு உள்ளே சரியும். துவாரம் தும்பிக்கை போகும் அளவு ஆனதும் நின்றுவிடும். மூட்டையை வெளியே இழுத்து, ஒரு காலால் அழுத்திக்கொண்டு சாக்கைக் கிழிக்கும். காலையில் நானும் சமையலர் அக்காவும் போய்ப் பார்த்தால், அரிசி சிமெண்டுத் தூளோடு கலந்து ஓடை வரை சிந்திக் கிடக்கும். உப்பு டப்பா நசுங்கியிருக்கும். பக்கத்து அலமாரியில் அட்டை அட்டையாக முட்டை, ஒன்றுகூட உடைந்திருக்காது. அன்றைக்குப் பிள்ளைகளுக்கு எங்காவது கடன் அரிசி வாங்கித்தான் உலை வைப்போம்.

ஒவ்வொரு முறையும் சுவரை முன்னைவிடப் பலமாகக் கட்டிக் கொடுத்தார்கள். இரும்புக் கதவு போட்டார்கள். யானை கதவை விட்டுவிட்டுக் கூரைத் தகரத்தைப் பிரித்தது. லைன் பெண்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி உட்கார்ந்தபோதுதான், "சுவரைப் பற்றி ஏன் பேசிக்கொண்டே இருக்கிறோம், அரிசியை ஏன் அங்கே வைக்கிறோம்?" என்று ஒரு கொழுந்துக்காரம்மா கேட்டார். லைன்களுக்கு நடுவில், இரண்டு பக்கமும் வீடுகள் இருக்கும் இடத்தில், பழைய பிள்ளைக் காப்பகத்து அறை ஒன்று பூட்டிக் கிடந்தது. அரிசியை அங்கே மாற்றுவது என்று முடிவானது. மாதத்துக்கு ஒரே தடவையாக இறக்காமல் பிரித்து இறக்கச் சொன்னோம். சமைக்கும் இடம் பழைய இடமே, ஆனால் இரவில் அங்கே ஒரு பிடி தானியமும் தங்காது. பாத்திரம் கழுவிய கஞ்சித் தண்ணீரும் ஓடைப் பக்கம் கொட்டுவதில்லை. முடிவு எடுக்க ஒரு மதியம் போதுமாயிருந்தது. அந்த அறையின் சாவியை வாங்கத்தான் நடையாய் நடந்தோம். தோட்ட அலுவலகத்தில் ஒரு கடிதம், ஒன்றிய அலுவலகத்தில் ஒரு கடிதம், மறுபடியும் தோட்ட அலுவலகம். அறை யாருக்கும் பயன்படவில்லை, ஆனாலும் அது எங்களுடையதில்லை.

அதன் பிறகும் யானைகள் வந்தன. சன்னலில் மோந்து பார்த்தன. ஒரு முறை சன்னல் கதவு ஒன்று போனது. சுவர் நிற்கிறது. இதே யோசனையைத்தான் பல வருடமாக யானை ஆராய்ச்சியாளர்களும் ரேஷன் கடைகளுக்குச் சொல்லி வந்தார்கள்: ஒரே இடத்தில் மூட்டை மூட்டையாகக் குவிக்காதீர்கள், வண்டியில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போங்கள் என்று. அரிசியும் பருப்பும் உப்பும் இருக்கும் கட்டடங்கள்தான் அதிகம் உடைகின்றன என்பது அவர்கள் கணக்கிலும் தெரிந்தது.

அவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற வன உயிர் ஆராய்ச்சி அமைப்பைச் சேர்ந்த ஆனந்த குமாரும் அவரோடு வேலை செய்தவர்களும் இங்கே பல ஆண்டுகள் யானைக் கூட்டங்களின் பின்னால் நடந்தார்கள். 2006இல் உள்ளூர் கேபிள் டிவியில், இன்று எந்தத் தோட்டத்தில் யானை நிற்கிறது என்று கீழே எழுத்து ஓடத் தொடங்கியது. 2011 முதல் செல்பேசிக் குறுஞ்செய்தி. சாலைத் திருப்பங்களிலும் மேடுகளிலும் கம்பம் நட்டுச் சிவப்பு விளக்குகள் வைத்தார்கள். பக்கத்தில் யானை நின்றால் அந்த விளக்கைச் செல்பேசியிலிருந்தே எரிய வைக்கலாம். விளக்கை எரிக்கும் பொறுப்பு அந்தந்த இடத்து ஆட்களிடம் இருந்தது. 2015இல் ஆனந்த குமாருக்கு வன உயிர்ப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தபோது எங்களுக்கும் பெருமையாக இருந்தது, ஏனென்றால் கம்பத்து விளக்கை எரிய வைப்பது எங்கள் கைகள்தான்.

இதைப் பார்த்து வேறு ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து, விளக்கு என்ன விலை, எந்த கம்பெனி என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போகிறார்கள். விளக்கு சின்ன விஷயம். எங்கள் அனுபவத்தில் அதை நடத்துவதுதான் வேலை.

ஒரு விளக்குக்கு ஒரே பொறுப்பாளர் போதாது. அவருக்குக் காய்ச்சல் வரும், ஊருக்குப் போவார், செல்பேசியில் காசு தீரும். குறைந்தது மூன்று பேர் வேண்டும், அதில் இருவராவது பெண்களாக இருப்பது நல்லது. சாயங்காலத்தில் லைனில் இருப்பவர்கள் அவர்கள்தான். தண்ணீர் பிடிக்கவும் விறகுக்கும் கடைக்கும் போகிறவர்களும் அவர்கள்தான். எரிய வைப்பதைவிட அணைப்பது முக்கியம். யானை போன பிறகும் விடிய விடிய எரியும் விளக்கை நான்காம் நாள் யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். தகவல் சொல்லும்போது யானை நிற்கும் இடத்தை லைன் ஆட்கள் வழங்கும் பெயரிலேயே சொல்ல வேண்டும்: முனியப்பன் கோயில் வளைவு, பழைய பாலத்துக்கு மேலே 14ஆம் நம்பர் தேயிலைக் காடு என்று. அலுவலக வரைபடத்துப் பெயர் கொழுந்துச் சாக்கோடு நடப்பவருக்கு உதவாது. கூட்டமா, ஒற்றையா, குட்டி இருக்கிறதா என்பதையும் சேர்த்துச் சொன்னால் நடை வேகம் தானாக மாறும்.

பட்டாசு வெடிக்கக் கூடாது. இந்த ஒன்றுக்காக எங்கள் லைனில் நடந்த சண்டைகள் கொஞ்சமில்லை. இளைஞர்களுக்கு அது வீரமாகத் தெரிகிறது. வெடி போட்டால் கூட்டம் காட்டுக்குப் போகாது. மிரண்டு, குட்டியை நடுவில் வைத்துக்கொண்டு, தோட்டத்தின் அடுத்த டிவிஷன் லைனுக்குள் ஓடும். அங்கே பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஆற்றுப் பக்கம் வழியை மறிக்காமல் விட்டுவிட்டு, வீட்டுக்குள் இருந்தபடி விளக்கைப் போட்டுக்கொண்டு காத்திருந்தால், இரவு முடிவதற்குள் அவை தம் வழியே போய்விடுகின்றன. செல்பேசியில் படம் பிடிக்கக் கூட்டம் கூடுவது வெடியைவிட மோசம். அதைத் தடுக்க வயதான பெண்கள்தான் சரியானவர்கள். வாட்சர் சத்தம் போட்டால் எதிர்த்துப் பேசும் பையன்கள் பாட்டியிடம் வாயைத் திறப்பதில்லை.

பஸ் விஷயத்தில் ஓட்டுநர், நடத்துநர் இருவரையும் நேரில் பார்த்துப் பேசியதில் கிடைத்த பலன் எந்த மனுவிலும் கிடைக்கவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தால் நிறுத்தத்தில் இறக்காமல் லைன் வாசல் வரை வந்து இறக்கிவிடுகிறார்கள். நடைபாதை ஓரத்து உண்ணிச்செடியைப் பள்ளி திறக்கும் முன்பு வெட்டிவிடுகிறோம். அழகுக்காக வெள்ளையர் காலத்தில் இந்த நாட்டுக்குக் கொண்டுவந்த செடி அது. இப்போது சோலை ஓரமெல்லாம் மூடி, பத்தடி தள்ளி நிற்கும் யானையையும் மறைக்கிறது. சிறுத்தை படுக்கவும் அந்தப் புதர் வாகாக இருக்கிறது. கோழிக் கழிவை லைனுக்குப் பின்னால் வீசாமல் குழியில் புதைக்க வைப்பதும் இந்த வேலையோடு சேர்ந்ததுதான். பலாக்காயைப் பழுக்க விடாமல் இறக்கிவிட வேண்டும்.

கழிப்பறைதான் இன்னும் தீரவில்லை. லைன் கோடியில், வெளிச்சம் இல்லாத இடத்தில், தேயிலையை ஒட்டி இருக்கிறது. இரவில் பெண்கள் அங்கே போகப் பயந்து, சாயங்காலத்துக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையே விட்டுவிடுகிறார்கள். வன உயிர்ப் பாதுகாப்பு பற்றிய கூட்டங்களில் இதை நான் சொல்லாமல் விட்டதில்லை. கேட்பவர்கள் சிலர் இதற்கும் யானைக்கும் என்ன சம்பந்தம் என்பதுபோல் பார்ப்பார்கள். வீட்டுக்குள் ஒரு கழிப்பறை இருந்தால் அந்த இருட்டில் ஓர் ஆளும் யானை எதிரே போய் நிற்க மாட்டார், சம்பந்தம் அதுதான்.

எல்லை தாண்டி மளுக்கப்பாறையிலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளிகள்தான் அதிகம், எனக்கும் அங்கே உறவு உண்டு. அதற்குக் கீழே வாழச்சால் காடு. அங்கே காடர்கள், பெரிய அலகுள்ள இருவாச்சிப் பறவையின் கூடுகளைக் காவல் காக்கிறார்கள். பெண் இருவாச்சி பெரிய மரப் பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தால் வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு கீறல்தான் மிச்சம். மூன்று நான்கு மாதம் ஆண் பறவை அத்திப்பழமும் மற்றதும் கொண்டுவந்து அதன் வழியாக ஊட்டும். ஆண் பறவைக்கு ஏதாவது ஆனால் உள்ளே தாயும் குஞ்சும் பட்டினிதான். முன்பு கூட்டிலிருந்து குஞ்சு எடுத்தவர்களே கேரள வனத்துறையோடு சேர்ந்து, 2000களின் நடுவிலிருந்து கூடு கூடாகக் கணக்கெடுத்துக் காத்து வருகிறார்கள்.

இதைச் சொல்லும்போது, வேட்டைக்காரர்கள் திருந்தினார்கள் என்று கதை முடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இருவாச்சி நுழையும் அளவுக்குப் பொந்துள்ள மரம் முதிர எத்தனையோ தலைமுறை ஆகும். அப்படிப்பட்ட காட்டைத்தான் பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடி வரை டிராம் பாதை போட்டு 1907 முதல் பல பத்தாண்டுகள் மலையிலிருந்து இறக்கினார்கள். வெட்டிய இடத்தில் வரிசையாகத் தேக்கு நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அணைகள் வந்து காடர் ஊர்களை இடம் மாற்றின. இத்தனையும் நடந்த காட்டில் பறவை குறைந்ததற்குக் காடர்தான் காரணம் என்று எழுதி வைப்பது, மரத்தை விற்றவன் எழுதிய கணக்கு.

வாழச்சாலில் மாற்றம் நிலைத்ததற்குச் சட்டமும் காரணம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி, 2014இல் அங்கே 9 பழங்குடி ஊர்களுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. காட்டையும் வன உயிரையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கே அந்தச் சட்டம் தருகிறது. அதிரப்பள்ளி நீர்மின் திட்டம் ஆற்றோரக் காட்டை மூழ்கடிக்கும் என்று காடர்கள் எதிர்த்தபோது, அந்த உரிமை அவர்கள் கையில் இருந்தது. எங்கள் பக்கத்தில் நீதிமன்றத் தடை காரணமாகப் பட்டா வழங்குவது 2016 வரை தேங்கிக் கிடந்தது. ஒரே மலை, ஒரே காடர் குலம், நடுவில் ஒரு சோதனைச் சாவடி. பழங்குடி ஊர்களில் வேலை செய்ய நினைப்பவர்கள் எடுத்தவுடன் விழிப்புணர்வு முகாம் போடாமல், அந்த ஊரின் உரிமை மனு எந்த நிலையில் நிற்கிறது என்று முதலில் விசாரியுங்கள்.

எங்களுக்கு அந்தச் சட்டமும் கை கொடுக்காது. நாங்கள் தோட்டத்தில் கூலிக்கு வந்தவர்கள். ஓய்வு பெற்றால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். தெற்கே மாஞ்சோலையில், 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக்கு எடுத்த குத்தகை 2028இல் முடிகிறது. அங்கே தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களை 2024இல் விருப்ப ஓய்வு கொடுத்துவிட்டுக் கீழே இறங்கச் சொன்னபோது எங்கள் லைனிலும் பல இரவு யாரும் சரியாகத் தூங்கவில்லை. தேயிலை போய்க் காடு திரும்பி வளர்வதில் எனக்கு மகிழ்ச்சிதான். துரை கிழித்த கோட்டின் விலையைக் கொழுந்துக்காரி மட்டும் கொடுக்க வேண்டும் என்றால், அந்தக் காட்டை நேசிக்கச் சொல்லி நான் எந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பேன்? நாளைக்கு இருப்போமா என்று தெரியாத வீட்டின் முன்னால் யாரும் விளக்குக் கம்பத்தைப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். வாழ்நாள் முழுவதும் யானையோடு ஒத்துப் போனவர்களுக்குக் குடியிருக்க ஓர் இடம் என்பதை வன உயிர்த் திட்டத்திலேயே ஒரு செலவாக எழுத வேண்டும் என்பது என் கோரிக்கை.

இப்போது எங்கள் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்டார்கள். காலியான லைன்களில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த குடும்பங்கள் இருக்கின்றன. அன்று கங்காணி கூட்டி வந்ததுபோல் இன்று ஏஜெண்டு கூட்டி வருகிறார். தமிழில் வரும் குறுஞ்செய்தி அவர்களுக்குப் புரியவில்லை, பொறுப்பாளர் பட்டியலில் அவர்கள் எண்ணும் இல்லை. அதனால் போன பனிக்காலத்துக்கு முன்பு வீடு வீடாகப் போய் எண் வாங்கினோம். எங்கள் தகவலை இந்தியில் குரல் பதிவாக அனுப்ப ஒரு பெண் ஒப்புக்கொண்டாள். ராஞ்சிப் பக்கத்துக்காரி, என் மகள் வயது. "எங்கள் ஊரிலும் யானை வரும் அக்கா, நெல் காயும்போது வரும்" என்றாள். லைனை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டு, கழிப்பறையை ஏன் யானை வரும் பக்கத்தில் கட்டினார்கள் என்று கேட்டாள். அடுத்த கூட்டத்தில் மேலாளர் முன்னால் அதே கேள்வியைக் கேட்கச் சொல்லி அவளை அழைத்துப் போனேன். இந்தியிலேயே கேட்டாள், நான் தமிழில் சொன்னேன். இரண்டு லைன்களுக்கு நடுவில் புதிதாகக் கழிப்பறை கட்ட இடம் அளந்திருக்கிறார்கள். வேலை தொடங்கவில்லை. மாதா மாதம் முதல் திங்கட்கிழமை நாங்கள் இருவரும் போய்க் கேட்டுவிட்டு வருகிறோம்.